பேரனுக்குத் தாத்தா பெயர்: அரசியல் முழக்கங்களில் கேட்கும் பழைய அரசு விளம்பரங்கள்

தேர்தல் நெருங்கினால் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும். ஒரு கட்சி புதிய முழக்கம் ஒன்றை வெளியிடும். உடனே ஒருவர், "இது அந்தக் காலத்து அரசு விளம்பர வரிதானே, அப்படியே காப்பி அடித்துவிட்டார்கள்" என்பார். இன்னொருவர், "அதெல்லாம் தற்செயல், விடுங்கள்" என்பார். மூன்றாமவர், இதற்குப் பின்னால் பெரிய சதி இருக்கிறது என்பார். மூவரும் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். அந்தப் பழைய வரி புதிய மேடையில் என்ன வேலை செய்கிறது என்ற கேள்வி மட்டும் வராது.

எனக்கு இது ஆதங்கம் தருகிற விஷயம். தேர்தல் அறிக்கையை முழுதாகப் படிப்பவர்கள் மிகச் சிலர். முழக்கமோ எல்லார் காதிலும் விழுகிறது; குழந்தைகள்கூட வாய்ப்பாடு போலச் சொல்லித் திரிகிறார்கள். அந்த நான்கு சொற்கள் எங்கே பிறந்தன, யார் செலவில் வளர்ந்தன என்று தெரிந்துகொள்ள அரசியல் அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் ஞாபகம் இருந்தால் போதும்.

பெயர் வைக்கிற கதை

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் மரூஉ. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்று பொருள். ஊரில் நல்ல பெயர் எடுத்த ஒருவரின் பெயரைப் பேரனுக்கு வைத்தால், பையன் எதையும் சாதிப்பதற்கு முன்பே அவனுக்குப் பாதி மரியாதை கிடைத்துவிடும். "அவர் பேரனா, வாப்பா, உட்கார்" என்பார்கள். ஆனால் தாத்தா யாருக்காவது கடன் வைத்துவிட்டுப் போயிருந்தால், அதையும் இந்தப் பையனிடம்தான் ஞாபகப்படுத்துவார்கள். பெயரோடு வரவும் வரும், கடனும் வரும்.

முழக்கங்களிலும் இதுதான் நடக்கிறது. ஒரு புதிய முழக்கம் மக்களுக்கு முன்பே பழகிப்போன ஒரு வரியின் சொற்களையோ, அடுக்கையோ, தாளத்தையோ எடுத்துக்கொண்டு, அதன் மூலம் பழைய நினைவையும் எழுப்பினால், அதை எதிரொலி என்று இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். காப்பி அடிப்பவர் மூலத்தை மறைக்கப் பார்ப்பார். எதிரொலிப்பவருக்கோ, கேட்பவர் மூலத்தை நினைத்துக்கொண்டால்தான் வேலை நடக்கும். தாத்தா யாரென்று ஊருக்குத் தெரியாவிட்டால் அவர் பெயரை வைத்து என்ன பயன்?

அரசு விளம்பர வரி ஏன் அப்படி ஒட்டிக்கொள்கிறது?

கட்சி முழக்கம் வேறு, அரசு பரப்புரை வேறு. அரசு பரப்புரை என்றால், மக்கள் ஒன்றைச் செய்ய வேண்டும் அல்லது தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக அரசு பொதுப் பணத்தில் நடத்துகிற தொடர்ச்சியான விளம்பரம். கழிப்பறை கட்டுங்கள், தடுப்பூசி போடுங்கள், பெண் குழந்தையைப் படிக்கவையுங்கள் என்பதெல்லாம் இந்த வகை.

இரண்டுக்கும் வீச்சில் பெரிய வித்தியாசம் உண்டு. ஒரு கட்சியால் சில மாதங்கள் சுவரெழுத்து எழுத முடியும், மைக் கட்டி வண்டி ஓட்ட முடியும். அரசின் வரியோ பல ஆண்டுகள் ஒலிக்கும். ஒரு காலத்தில் வானொலி முழுக்க அரசின் கையில் இருந்தது. 1948இல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்த செய்திப்படங்களைத் தியேட்டரில் படத்துக்கு முன்னால் கட்டாயம் போட வேண்டும். நியூஸ் ரீல் முடிந்த பிறகுதான் படம் என்று காத்திருந்த தலைமுறை இன்றும் நம்மிடையே இருக்கிறது. அதற்குமேல் பேருந்தின் முதுகு, தபால் உறை, பள்ளிச் சுவர், சுகாதார நிலையத்தின் முகப்பு. ஒரு வரியை இத்தனை இடத்தில் இத்தனை ஆண்டுகள் நிறுத்திவைக்க எந்தக் கட்சியாலும் முடியாது.

அதனால்தான் அரசு விளம்பரங்கள் கட்சிகளுக்கு ஒரு பொதுக் கிணறு மாதிரி. வெட்டிய செலவு எல்லாருடையது. நீர் இறைக்க வாளி இருந்தால் போதும்.

பழகியது ஏன் உண்மை போலத் தோன்றுகிறது?

தினமும் ஒரே பேருந்தில் ஏறுகிறீர்கள். எதிர் இருக்கையில் ஒருவர் தினமும் உட்கார்ந்திருக்கிறார். பேசியதே கிடையாது. ஒருநாள் வேறு ஊரில், கூட்டத்தின் நடுவே அவரைப் பார்த்தால் உங்கள் முகம் தானாக மலரும். அவர் நல்லவரா கெட்டவரா என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்த முகம், அவ்வளவுதான்.

இதை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தவர் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர். 1968இல் வெளியான அவருடைய ஆய்வில், பொருளே இல்லாத சொற்களையும், பார்த்தவர்களுக்குப் புரியாத எழுத்துகளையும் சிலவற்றைக் குறைவாகவும் சிலவற்றை அதிகமாகவும் காட்டினார்கள். அப்புறம், "இதற்கு நல்ல பொருள் இருக்கும் என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். அதிகமுறை பார்த்தவற்றுக்கே நல்ல மதிப்பெண் கிடைத்தது. இதைப் பழக்க விளைவு எனலாம்: திரும்பத் திரும்பக் கண்டதாலேயே ஒன்றின் மேல் விருப்பம் கூடுவது. 1977இல் வந்த வேறொரு ஆய்வு இன்னும் ஒரு படி போனது. திரும்பக் கேட்ட கூற்றுகளை, கேட்டவர்கள் கூடுதல் உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள். கூற்று பொய்யாக இருந்தாலும் அப்படித்தான்.

ஒரு கட்சி பழைய அரசு வரியின் தாளத்தில் புதிய முழக்கத்தை அமைக்கும்போது இந்தப் பழக்கம் அதற்கு இலவசமாகக் கிடைக்கிறது. முதல் தடவை கேட்கும்போதே நூறு தடவை கேட்டது போல இருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: அரசு ஒரு வரியைப் பொதுப் பணத்தில் பல ஆண்டுகள் பழக்குகிறது, பழகியதை மனம் நம்பிக்கையாக மாற்றிக்கொள்கிறது, பிறகு ஒரு கட்சி அந்த வரியைத் தொட்டு அந்த நம்பிக்கையைத் தன் பக்கம் இழுக்கிறது. ஆனால் வருவது நம்பிக்கை மட்டும்தானா? இதற்கு ஒரே ஒரு வரியின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

நாம் இருவர், நமக்கு இருவர்

1952இல், உலகிலேயே முதல் நாடாக, இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக ஏற்றது. 1960களின் பிற்பகுதியில் தலைகீழான சிவப்பு முக்கோணம் அதன் சின்னமாயிற்று. அந்த முக்கோணத்தோடு சேர்ந்தே பலர் மனத்தில் பதிந்த வரி, "நாம் இருவர், நமக்கு இருவர்". இந்தியில் "ஹம் தோ, ஹமாரே தோ". சின்ன வயதில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில் அதை எழுத்துக் கூட்டிப் படித்தது எனக்கு நினைவிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதைத் தலைகீழாகச் சொல்வார்கள். ஏன் என்று கவனித்துப் பாருங்கள்: நாம், நமக்கு என்று மோனை, இருவர், இருவர் என்று இயைபு. பழமொழிகள் எந்த அச்சில் வார்க்கப்பட்டிருக்கின்றனவோ அதே அச்சு. இப்படி உள்ளே இருக்கும் சொற்களை மாற்றினாலும் அடையாளம் தெரிகிற அச்சை வார்ப்பு என்று வைத்துக்கொள்வோம்.

பிறகு அவசரநிலை வந்தது. 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை. அந்தக் காலத்தில் குடும்பக் கட்டுப்பாடு கட்டாயமாகத் திணிக்கப்பட்டது. அதிகாரிகளுக்கு இலக்கு வைத்தார்கள். 1976-77 ஓராண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. வட மாநிலங்களில் ஏழைகளும் சிறுபான்மையினரும் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1977 தேர்தலில் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் காங்கிரசுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. பல காரணங்கள் உண்டு என்றாலும் இது பெரிய காரணம். அடுத்து வந்த ஜனதா ஆட்சி, "குடும்பக் கட்டுப்பாடு" என்ற பெயரையே விட்டுவிட்டு "குடும்ப நலம்" என்று மாற்றியது. திட்டம் தொடர்ந்தது, ஆனால் பழைய சொல்லைச் சொன்னால் மக்கள் கதவைச் சாத்தினார்கள். தாத்தாவின் கடன் என்று சொன்னேனே, அது இதுதான்.

வரி அத்தோடு மறையவில்லை. 2021 பிப்ரவரியில் வேளாண் சட்டங்கள் குறித்து மக்களவையில் பேசிய ராகுல் காந்தி, குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரத்தை நினைவூட்டிவிட்டு, இன்றைக்கு நாட்டை நடத்துவது "ஹம் தோ, ஹமாரே தோ" அரசு என்றார். ஆட்சியில் இருவர், அவர்களுக்கு வேண்டிய தொழிலதிபர்கள் இருவர் என்பது அவர் சொல்ல வந்தது. அவர் பெயர் எதையும் சொல்லவில்லை. பெயர் சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்தது, வார்ப்பு அந்த வேலையைச் செய்துவிட்டது. அடுத்த இரண்டு நாளில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அதே வரியைக் காங்கிரஸ் தலைமைக் குடும்பத்தின் பக்கம் திருப்பிப் பதில் சொன்னார். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய சுகாதாரத் துறை விளம்பரம், இரு தரப்புக்கும் பந்தாகிவிட்டது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது தெற்கில் நடப்பது. அவசரநிலையின்போது, 1976இல், 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மக்களவைத் தொகுதிகளின் எண்ணிக்கையை 1971 மக்கள்தொகைக் கணக்கோடு நிறுத்திவைத்தது. பிள்ளைப்பேற்றைக் குறைத்த மாநிலங்கள் அதற்காக இடங்களை இழக்கக் கூடாது என்பது அதன் பின்னிருந்த நியாயம். பிறகு 2001இல் அந்த நிறுத்தம், 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டிக்கப்பட்டது. அந்தக் காலக்கெடு நெருங்க நெருங்க, "நாம் இருவர் நமக்கு இருவர் என்றீர்கள், கேட்டோம், இப்போது அதற்குத் தண்டனையா?" என்ற குரல் தென் மாநிலங்களில் எழுந்தது. 2024 அக்டோபரில் சென்னையில் ஒரு திருமண விழாவில் முதல்வர் மு.க. ஸ்டாலின், மக்கள்தொகைப்படி தொகுதிகளை மறுபடி பிரிக்கும் தொகுதி மறுவரையறை பற்றிக் குறிப்பிட்டு, பதினாறு பேறுகள் என்ற பழைய வாழ்த்தைப் பதினாறு பிள்ளைகள் என்று எண்ணிப் பார்க்கும் நிலை வந்திருக்கிறது என்ற பொருளில் பேசினார். அரசு தந்த வரிக்குக் கீழ்ப்படிந்தவர்கள், அதே வரியை அரசிடம் ரசீது போல நீட்டுகிறார்கள். எதிரொலியின் மிக வலிமையான வடிவம் இது என்று நினைக்கிறேன்.

ஆக, ஒரே வரி அறிவுரையாகப் பிறந்து, பயமாக மாறி, பின் கேலியாகவும் உரிமைக் கோரிக்கையாகவும் திரும்பி வந்திருக்கிறது. பழைய வரியை எடுப்பவர் இவற்றில் எதை எழுப்புகிறார் என்பதைக் கேட்டால்தான் முழக்கம் புரியும்.

மேலே மேலே அடுக்குவது

எல்லா எதிரொலியும் இவ்வளவு சிக்கலானது இல்லை. சில நேரம், பழைய வரிக்கு மாலை போட்டுவிட்டுப் பக்கத்தில் தானும் நின்றுகொள்வார்கள்.

1965இல், பாகிஸ்தானோடு போரும் உள்நாட்டில் உணவுத் தட்டுப்பாடும் ஒன்றாக நெருக்கியபோது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி "ஜெய் ஜவான், ஜெய் கிசான்" என்றார். வீரனுக்கு வெற்றி, உழவனுக்கு வெற்றி. வாரத்துக்கு ஒருவேளை உணவைத் தியாகம் செய்யுங்கள் என்று கேட்ட தலைவரின் வாயிலிருந்து வந்ததால் அந்த வரிக்குத் தனி கௌரவம் உண்டு. 1998இல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு வாஜ்பாய் அதனோடு "ஜெய் விக்யான்" என்று அறிவியலைச் சேர்த்தார். 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் நரேந்திர மோடி "ஜெய் அனுசந்தான்" என்று ஆராய்ச்சியையும் சேர்த்தார்.

சாஸ்திரி காங்கிரஸ்காரர், பின்னால் சேர்த்த இருவரும் பாஜகவினர். இதில் முரண் ஒன்றும் இல்லை. சாஸ்திரியின் நேர்மை கட்சி கடந்த சொத்து. அதன் நிழலில் நிற்க எல்லாருக்கும் ஆசை. ஆனால் அதே வரியை 2020-21இல் டெல்லி எல்லையில் உட்கார்ந்து போராடிய விவசாயிகளும் உரக்கச் சொன்னார்கள். "கிசான்" என்ற சொல் முழக்கத்தில் இருக்கிறது, எங்கள் பிழைப்பில் எங்கே என்பது அவர்கள் கேள்வி. பொதுக் கிணறு என்றால் யார் வேண்டுமானாலும் இறைக்கலாம்தானே.

திருப்பி அடிப்பது

இன்னொரு வகை, எதிராளியின் வரியை எடுத்து அவர் மேலேயே வீசுவது. 1971 தேர்தலில் எதிர்க்கட்சிகள் "இந்திராவை அகற்று" என்றன. இந்திரா காந்தி, "அவர்கள் இந்திராவை அகற்று என்கிறார்கள், நான் வறுமையை அகற்று என்கிறேன்" என்று பதில் சொன்னார். "கரீபி ஹடாவோ" பிறந்தது இப்படித்தான். 352 இடங்கள் கிடைத்தன. தேர்தல் மேடையில் பிறந்த அந்த வரி அப்புறம் அரசின் வரியாகவே மாறியது. ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் பெரிய குறிக்கோளே வறுமை ஒழிப்பு. 1977இல் எதிரணி மறுபடி அதே அச்சை எடுத்து, "இந்திராவை அகற்று, நாட்டைக் காப்பாற்று" என்றது. இந்த முறை வென்றது. நாற்பது ஆண்டு கழித்து, 2017 உத்தரப் பிரதேசத் தேர்தலுக்கான கூட்டத்தில் மோடி, "அவர்கள் மோடியை அகற்று என்கிறார்கள், நான் கறுப்புப் பணத்தை அகற்று என்கிறேன்" என்றார். காங்கிரசைக் கடுமையாக எதிர்த்த ஒருவர் இந்திராவின் வார்ப்பிலேயே பேசினார். வார்ப்புக்குக் கட்சி கிடையாது.

அரசு விளம்பரமே திருப்பி அடி வாங்கியதற்கு நல்ல உதாரணம் "இந்தியா ஒளிர்கிறது". 2003 இறுதியிலும் 2004 தொடக்கத்திலும் வாஜ்பாய் அரசின் நிதியமைச்சகம் நடத்திய விளம்பரம் அது. பொருளாதாரம் வளர்கிறது என்று சொல்லும் அரசு விளம்பரமாகத் தொடங்கி, ஆளும் கட்சியின் தேர்தல் முழக்கமாகவே ஆகிவிட்டது. காங்கிரஸ் ஒரே ஒரு கேள்வி கேட்டது: "ஆம் ஆத்மி கோ க்யா மிலா?" சாமானியனுக்கு என்ன கிடைத்தது? விளம்பரம் எவ்வளவு பளபளப்பாக இருந்ததோ அவ்வளவு கூர்மை அந்தக் கேள்விக்கு வந்தது. விளம்பரத்துக்கான செலவு முழுக்க எதிர்க்கட்சிக்கும் பயன்பட்டது என்றுகூடச் சொல்லலாம். அந்த ஆண்டு ஆட்சி மாறியது. காங்கிரஸ் "ஆம் ஆத்மி" என்ற சொல்லைப் பல ஆண்டுகள் வைத்துக்கொண்டது. 2012இல் புதிதாக ஒரு கட்சி தொடங்கியபோது, அதன் பெயரே ஆம் ஆத்மி கட்சி.

தமிழ்நாட்டில் ஒரு முழுச் சுற்று

1990களின் பிற்பகுதியில் திமுக ஆட்சியில் "நமக்கு நாமே" என்ற திட்டம் வந்தது. ஊருக்குப் பள்ளிக் கட்டடமோ பாலமோ வேண்டும் என்றால் ஊரார் ஒரு பங்கு போடுவார்கள், மீதியை அரசு போடும். 2011இல் ஆட்சி மாறியதும் ஏறக்குறைய இதே ஏற்பாடு "தன்னிறைவுத் திட்டம்" என்ற பெயரில் நடந்தது. பழைய பெயரைச் சொன்னால் பழைய ஆட்சிதானே ஞாபகம் வரும்! 2015 செப்டம்பரில் எதிர்க்கட்சியில் இருந்த மு.க. ஸ்டாலின் கன்னியாகுமரியில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பயணம் போனார். பயணத்தின் பெயர் "நமக்கு நாமே". ஒரு திட்டத்தின் பெயர், கட்சிப் பயணத்தின் முழக்கமாயிற்று. 2021இல் திமுக ஆட்சிக்கு வந்ததும் "நமக்கு நாமே திட்டம்" என்று அரசுத் திட்டமாகவே மறுபடி வந்தது. அரசிலிருந்து கட்சிக்கு, கட்சியிலிருந்து அரசுக்கு.

அரிசிக்கும் இப்படி ஒரு பரம்பரை உண்டு. 1967இல் அண்ணாவின் வாக்குறுதி, "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்". ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள். நிதி நெருக்கடியால் அதை மாநிலம் முழுக்க விரிக்க முடியவில்லை. 2006இல் கிலோ 2 ரூபாய் என்று வாக்குறுதி தந்து வென்ற கருணாநிதி, 2008இல் அதை 1 ரூபாயாகக் குறைத்தார். தொடங்கிய நாள் செப்டம்பர் 15, அண்ணாவின் பிறந்த நாள், அதுவும் நூற்றாண்டு தொடங்கும் நேரம். "ஒரு ரூபாய்" என்ற அந்த எண்ணே எதிரொலி என்பது என் கருத்து. 1967இல் பாதியில் நின்ற வாக்கை முடித்துவைத்தோம் என்று ஒரு விலையே பேசியது. 2011இல் ஜெயலலிதா அரசு அரிசியை விலையில்லாமல் தந்தபோது, அந்தப் பரம்பரையைத் தொடராமல் வேறு சொல்லை எடுத்தது. "இலவசம்" என்று சொல்லாமல் "விலையில்லா" என்றார்கள். அந்தச் சொல் மிக்சி முதல் மடிக்கணினி வரை எதனோடும் ஒட்டிக்கொள்கிற வார்ப்பாகிவிட்டது.

எதிரொலி இல்லாத இடத்திலும் எதிரொலி கேட்கிறதா?

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 2008இல் அமெரிக்காவில் ஒபாமா "சேஞ்ச்" என்றார், 2016இல் இங்கே பாமக "மாற்றம், முன்னேற்றம், அன்புமணி" என்றது. ஆகவே இது அதன் நகல் என்று ஒரு வாதம். மாற்றம் என்பது உலகத்தில் எதிர்க்கட்சியாக இருக்கும் எவரும் கேட்கிற ஒன்று. வளர்ச்சி, பாதுகாப்பு, முன்னேற்றம் போன்ற சொற்களும் அப்படித்தான். வெறும் சொல் ஒன்று ஒத்துப்போனால் அதில் எதுவும் இல்லை.

எதிரொலிதானா என்று பார்க்க நான் வழக்கமாகக் கவனிப்பது முதலில் அச்சு. சொற்களின் வரிசையும் தாளமும் சேர்ந்து ஒத்துப்போகின்றனவா? அடுத்து, யாரைப் பார்த்துச் சொல்கிறார்களோ அவர்களுக்குப் பழைய வரி தெரியுமா? இருபது வயது இளைஞர்களிடம் ஐம்பது ஆண்டுக்கு முந்தைய வரியின் தாளத்தைப் பிடித்தால் அவர்களுக்கு எதுவும் கேட்காது. அவர்களின் பெற்றோருக்குக் கேட்கும். அப்புறம், பழைய நினைவு எழுந்தால் சொல்பவருக்கு ஏதாவது ஆதாயம் உண்டா? சாஸ்திரியைச் சொன்னால் உண்டு. அவசரநிலையைச் சொன்னால், தாக்கிப் பேசும்போது மட்டும்தான் உண்டு.

யார் பணத்தில் யார் பெயர்?

அரசின் வரியும் கட்சியின் வரியும் இப்படிக் கலப்பதால்தான் சட்டம் நடுவில் வருகிறது. தேர்தல் அறிவித்ததும் நடத்தை விதிகள் அமலுக்கு வரும். ஆளும் கட்சியின் சாதனையைப் பொதுப் பணத்தில் விளம்பரம் செய்யக் கூடாது. 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம், அரசு விளம்பரங்களில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி ஆகியோரின் படங்கள் மட்டுமே வரலாம் என்றது. மாநிலங்கள் மறுபரிசீலனை கேட்டன; 2016இல் முதல்வர்களின் படமும் அனுமதிக்கப்பட்டது.

பெயருக்கு வரும்போது இன்னும் சிக்கல். 2013இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி சாப்பிட்டவருக்கு "அம்மா" யார் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. 2025இல் "உங்களுடன் ஸ்டாலின்" என்ற பெயர் வழக்குக்குப் போனது. திட்டங்களுக்கு உயிரோடு இருக்கும் தலைவரின் பெயரை வைக்கச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, சில நாள்களில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. சட்டம் எதை அனுமதித்தாலும், வரி கட்டுகிற மனிதராக எனக்கு இது உறுத்துகிறது. எந்தக் கட்சி செய்தாலும் அதே உறுத்தல்தான். இன்றைய அரசுத் திட்டத்தின் பெயர் நாளைய தேர்தலின் முழக்கம். அதைப் பழக்க ஆகும் செலவு என்னுடையது, உங்களுடையது.

அதே திட்டம் பெயர் மட்டும் மாறி வருவதும் இந்தக் காரணத்தால்தான். கிராமக் கழிப்பறைத் திட்டம் 1986இல் மத்திய கிராமத் துப்புரவுத் திட்டமாகத் தொடங்கி, 1999இல் முழுச் சுகாதார இயக்கம், 2012இல் நிர்மல் பாரத், 2014 அக்டோபர் 2 முதல் தூய்மை பாரதம் என்று சட்டை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் பணமும் தீவிரமும் மாறின என்பது உண்மை. ஆனால் பெயரை மட்டும் பார்ப்பவர்கள், ஒவ்வொன்றும் புதிதாக முளைத்தது என்றே நினைத்துக்கொள்வார்கள்.

மக்கள் வைத்த பெயர்

இந்தப் பெயர் விளையாட்டில் ஒரு தரப்பை நாம் மறந்துவிடுகிறோம். 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தோடு 2009இல் மகாத்மா காந்தியின் பெயரைச் சேர்த்தார்கள். எந்த ஊர்க் களத்துமேட்டிலும் அந்த நீண்ட பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "நூறு நாள் வேலைக்குப் போறேன்" என்பார்கள். இந்திரா காந்தி பெயரில் 1985இல் தொடங்கிய வீட்டுத் திட்டம் 2016இல் பிரதமரின் வீட்டுவசதித் திட்டமாகப் பெயர் மாறியது. குடியிருப்பவர்களுக்கு அது அன்றும் தொகுப்பு வீடு, இன்றும் தொகுப்பு வீடு. எந்த விளம்பர நிறுவனமும் உட்கார்ந்து யோசித்து எழுதாத பெயர்கள் இவை. வேலை எத்தனை நாள், வீடு எப்படி இருக்கும் என்பதை மட்டும் அவை சொல்கின்றன.

2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக தன் வாக்குறுதிகளில் ஒன்றாக நூறு நாள் வேலையை 150 நாளாக உயர்த்துவதாகச் சொன்னது. வயலோரம் மண்வெட்டியோடு நிற்கும் பெண்கள் புழங்கிய சொல்லை வைத்துத்தான் மேடையில் அதை விளக்க வேண்டியிருந்தது. சட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லியிருந்தால், எதை உயர்த்துகிறார்கள் என்று அந்தப் பெண்களுக்கே புரிந்திருக்காது.